டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

கேமரன் மலைக்குப் போனபோது தேயிலைத் தோட்டத்து மாணவி ஒருத்தி கேட்டாள்: "டாக்டராகணும் அக்கா. டாக்டர் கூடவே ஒரு வாரம் இருந்து பார்க்கணும். 'நாம கேட்டா மதிப்பாங்களா'ங்கிறார் அப்பா."

மதிப்பார்கள், தங்கச்சி. ஆனால், நோயாளிகள் காத்திருக்கும்போது கேட்காதே. பெயர், பள்ளி, எந்த நாள்கள், ஏன் என்று ஒரு பக்கக் கடிதம் கொடு. தானா ராத்தாவின் சுல்தானா ஹஜா கல்சோம் போன்ற அரசு மருத்துவமனை என்றால், இயக்குநர் அலுவலகத்திற்கும் எழுது. பதில் வராவிட்டால் ஒருமுறை மட்டும் நினைவூட்டு. முடியாது என்றாலும் நன்றி சொல்.

உள்ளே போனால், நோயாளி சம்மதித்தால் மட்டும் அருகில் நில். கைப்பேசி பையிலேயே இருக்கட்டும். பார்த்ததை லயத்தில் பேசாதே. அங்கே படுத்திருப்பது பக்கத்து வீட்டு அத்தையாக இருக்கலாம். வாய் காப்பதுதான் டாக்டருக்கு முதல் பாடம்.

அப்பாவிடம் சொல்: கேட்பதில் குறைச்சல் ஒன்றுமில்லை.