படியில நின்னு பாஸ்வேர்டைக் கத்தாதீங்க!

ஆடிக் கிருத்திகைக்கு எங்க ஊர் திருத்தணிக்கு வந்திருக்கீங்களா? 365 படியிலயும் கூட்டம் நிக்கும். கீழ்ப்படியில இருந்து மலை மேல நிக்கற ஃப்ரெண்டுக்கு உங்க பாஸ்வேர்டைக் கத்திச் சொன்னா? நடுவுல இருக்கற அத்தனை பேருக்கும் கேக்கும். வெப்சைட் ஃபைல்களை வெறும் எஃப்டிபி-ல ஏத்தறதும் அதேதான்.

போன செமஸ்டர் சிம்போசியம் சைட்டை ஏத்தும்போது, சும்மா என் லேப்டாப்லயே வயர்ஷார்க்கை ஓட விட்டுப் பார்த்தேன். யூசர்நேம் ஒரு வரி. அடுத்து பாஸ்வேர்ட், ஓர் எழுத்துகூட மறையாம. மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதான் வெச்சிருந்தேன்!

எஃப்டிபி-யைத் திட்டறதுல அர்த்தம் இல்ல. 1971-ல அதை முதன்முதலா எழுதினவர் ஐஐடி கான்பூர் முதல் பேட்ச் மாணவர் அபய் பூஷண். அப்போ நெட்வொர்க்ல இருந்தது சில ஆராய்ச்சிக் கூடங்களும் பல்கலைக்கழகங்களும்தான். 1995-ல ஃபின்லாந்துல ஒரு பல்கலைக்கழக நெட்வொர்க்ல பாஸ்வேர்டுகள் திருடு போன பிறகு, டாட்டு உலோனென் எஸ்எஸ்எச் எழுதினார். இன்னிக்கு எஸ்எஃப்டிபி ஓடறது அது மேலதான். 2021-ல குரோம், ஃபயர்பாக்ஸ் ரெண்டும் எஃப்டிபி-க்கு விடை கொடுத்தாச்சு. நம்ம லேப் நோட்டுல மட்டும் இன்னும் போர்ட் 21!

"நம்ம சைட்ல திருட என்ன இருக்கு?"ன்னு கேப்பீங்க. ரெஜிஸ்ட்ரேஷன் பக்கத்துல இருக்கற க்யூஆர் கோடை ஒருத்தன் மாத்தி வெச்சா போதும். பணம் போறது ஜூனியர் பசங்களோடது, பழி நம்ம மேல.

செய்ய வேண்டியது மூணே வேலை. ஹோஸ்டிங்ல எஸ்எஃப்டிபி இருந்தா அதையே, போர்ட் 22-ல பயன்படுத்துங்க. இல்லன்னா ஃபைல்ஜில்லாவுல டிஎல்எஸ் 'கட்டாயம்'ங்கற ஆப்ஷனை எடுங்க. 'இருந்தா பயன்படுத்து'ன்னு இன்னொண்ணு இருக்கும், அதை நம்பாதீங்க. சர்வர்ல டிஎல்எஸ் இல்லன்னா பூட்டு இல்லாமலே போக அது இடம் கொடுக்கும். மூணாவது, முதல் தடவை கனெக்ட் பண்ணும்போது சர்வரோட கைரேகை மாதிரி ஒரு நீளமான எழுத்து வரிசை காட்டும். நாம படிக்காமலே ஓகே அமுக்கிடறோம். ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்ததோட ஒப்பிட்டுப் பாருங்க. பெட்டியைப் பூட்டிட்டு, முகம் தெரியாதவன் கையில சாவியைக் கொடுத்தா பூட்டினதுக்கு என்ன பலன்?

லேப் நோட்டை மாத்த டிபார்ட்மெண்ட்ல கேப்போம். அது மாறற வரைக்கும் காத்திருக்காம, உங்க லேப்டாப்ல செட்டிங்கை இன்னிக்கே மாத்துங்க. பழைய பாஸ்வேர்டையும் சேர்த்துத்தான்.