“பால் பத்தல” என்று அட்டையில் எழுதும் முன்

புதன்கிழமை காலை. தடுப்பூசிக்கு வந்த தாய், அட்டையை நீட்டும்போதே சொல்கிறாள்: “பால் பத்தல சிஸ்டர். வாய வெச்சதும் தலைய வெட்டிக்கிட்டு அழுவுது. போன வாரம் வரைக்கும் நல்லாத்தான் குடிச்சுது.” பென்னாகரமோ அரூரோ, நம் மாவட்டத்தின் எந்தத் துணை சுகாதார நிலையத்திலும் இந்தப் பேச்சு புதிதல்ல. வரிசை நீளமாக இருக்கும் அவசரத்தில், “ரெண்டு வேளைக்கு மட்டும் பவுடர் கரைச்சுக் குடும்மா” என்று நம்மில் சிலர் சொல்லிவிடுகிறோம். தாய்ப்பால் மட்டும் குடித்த ஒரு குழந்தை டப்பா பாலுக்குப் போவது பெரும்பாலும் அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

அந்தத் தாய் சொன்னதில் முதல் பாதி அவளுடைய அனுமானம், பின்பாதிதான் தகவல். போன வாரம் வரை நன்றாகக் குடித்தது என்கிறாள். அப்படியானால் நாம் கேட்க வேண்டியது, இந்த வாரம் என்ன மாறியது என்பதை.

ஆறாவது வாரத்தை ஒட்டி இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. குழந்தைகளின் அழுகை ஏறக்குறைய அப்போதுதான் உச்சத்தைத் தொடுகிறது, அதுவும் மாலை நேரங்களில். குழந்தை மருத்துவர் பிரேசல்டன் இதை 1962-லேயே எழுதிவிட்டார். அதே நாட்களில் தாயின் மார்பில் ஆரம்பத்தில் இருந்த கனமும் கட்டும் குறைந்து, தொட்டால் மெதுவாக இருக்கிறது. சுரப்பு குழந்தையின் தேவைக்கு ஏற்ப ஒழுங்குபட்டதன் அடையாளம் அது. வீட்டில் இருப்பவர்களுக்கோ மார்பு வற்றிவிட்டதாகத் தெரிகிறது. குழந்தை அழுகிறது, மார்பு தளர்ந்திருக்கிறது, ஆகவே பால் இல்லை என்று மாமியார் முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவில் கென்ட் குழுவினர் 2006-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் ஒரு நாளில் குடிப்பது சராசரியாக 788 கிராம். அந்த ஐந்து மாதமும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. நாளுக்கு ஆறு முறை ஈரம் போய், முதல் மூன்று மாதங்களில் தினமும் 20 முதல் 30 கிராம் எடை ஏறுகிற குழந்தைக்குப் பால் போதவில்லை என்று நாம் எழுதக்கூடாது.

சில காரணங்களை நாமே உண்டாக்குகிறோம். பத்தாவது வாரத்தில் பென்டாவேலன்ட் ஊசியை இடது தொடையில் போடுகிறோம். வழக்கம்போல் மடியில் கிடத்தி வலது மார்பில் கொடுக்கும்போது, குழந்தையின் இடது தொடைதான் அடியில் அழுந்துகிறது. இடது மார்பில் அமைதியாகக் குடித்துவிட்டு வலதில் வீறிட்டால் அதற்குக் காரணம் பாலல்ல, தொடை வலி. குழந்தையின் கால்கள் தாயின் அக்குள் பக்கம் போகும்படி பிடிக்கச் சொன்னால் போதும். ஒரு பக்கம் மட்டும் மறுக்கும் குழந்தைக்குக் காதில் வலி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வலிக்கும் காது அழுந்தும் பக்கத்தை அது மறுக்கும்.

அடுத்தது குளிப்பாட்டும் முறை. தலைக்கு ஊற்றி, மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, நாக்கை வழித்து, சாம்பிராணி காட்டிய பிறகுதான் பாட்டி குழந்தையைத் தாயிடம் கொடுக்கிறார். மூக்கு அடைத்த குழந்தையால் உறிஞ்சிக்கொண்டே மூச்சு விட முடியாது. இரண்டு வாய் குடித்துவிட்டு விலகி அழும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து இன்னும் பெரிது. நாக்கில் இருக்கும் வெள்ளை, துடைத்தால் போகாத பூஞ்சையாக இருந்தால், வழிக்க வழிக்கப் புண்தான் மிஞ்சும். மருந்து குழந்தையின் வாய்க்கும் வேண்டும், தாயின் காம்புக்கும் வேண்டும். பாட்டியைக் கண்டித்து அனுப்பினால் அடுத்த முறை அவர் நம்மிடம் எதையும் சொல்லமாட்டார். “ஆயா, மூக்குல எண்ணெய் மட்டும் வேணாம், மத்தபடி குளிப்பாட்டுங்க” என்றால் கேட்பார்.

பால் வேகமாகப் பீச்சி வந்தால் குழந்தை புரையேறி விலகும். தாய் சற்றுச் சாய்ந்து படுத்துக்கொண்டு கொடுத்தால் வேகம் தணியும். புட்டியில் பழகிய குழந்தைக்கு, பால் இறங்கும் வரை காத்திருக்கப் பொறுமை இருக்காது. மூன்று நான்கு மாதத்தில் சத்தம் கேட்ட பக்கமெல்லாம் தலையைத் திருப்பும். முதல் பிரசவமென்றால் தாய்வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குத் திரும்புவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். இடமும் தூளியும் மாறி, கூட்டமும் சேரும்போது சில குழந்தைகள் ஓரிரு நாள் மார்பையே மறுக்கும். அரைத்தூக்கத்தில், அரைவெளிச்சத்தில், சட்டையில்லாமல் மார்போடு அணைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவரை பீய்ச்சிய பாலைச் சங்கிலோ பாலாடையிலோ புகட்டலாம்.

உண்மையிலேயே சுரப்பு குறைந்த தாய்மார்களும் உண்டு. பிரசவமாகி ஆறு மாதத்துக்குள் மாலா-என் தொடங்கியிருக்கிறாளா, சூடோஎபெட்ரின் கலந்த சளி மாத்திரை சாப்பிடுகிறாளா, மறுபடி கரு தரித்திருக்கிறாளா என்று கேளுங்கள். மாலா-என்னுக்குப் பதிலாகச் சாயா கொடுக்கலாம். அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மார்பில் அழுது புரண்டாலும் பசியோடு திரும்பத் திரும்பத் தேடும் குழந்தை வேறு. சப்பவே முடியாமல் துவண்டு கிடக்கும் குழந்தை வேறு. குடிக்கும்போது நெற்றி வியர்த்து மூச்சு வாங்கினாலும், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தொட்டாலும், உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உரம் விழுந்தது, தொக்கம் என்று எடுப்பவரிடம் அலைவதில் தொலையும் ஒரு நாளை அந்தக் குழந்தை தாங்காது.

டப்பா பால் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு கவலை உண்டு. நம் நிலத்தடி நீரின் ஃப்ளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013-ல் அது பயன்பாட்டுக்கு வந்தபின்னும் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகள் இருக்கின்றன. தாய் குடிக்கும் நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்தாலும் தாய்ப்பாலில் அது மிகச் சொற்பமாகவே சேர்கிறது. பவுடரை அந்த நீரில் கரைத்தால் முழுதும் குழந்தைக்குப் போகிறது. காய்ச்சினாலும் ஃப்ளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். “கொதிக்க வெச்சுக் கரைச்சுக் குடு” என்ற அறிவுரை கிருமிக்குச் சரி, நம் ஊர்த் தண்ணீருக்குப் போதாது. டப்பாவை விளம்பரப்படுத்தக்கூடாது என்று 1992-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நம் வாயால் அதைப் பரிந்துரைப்பதைவிடப் பெரிய விளம்பரம் கம்பெனிக்குத் தேவையில்லை.

வீடு தேடிப்போய்ப் பச்சிளங்குழந்தையைப் பார்க்கும் தேசியத் திட்டத்தின் அட்டவணை 42-ம் நாளோடு முடிகிறது. அடுத்த சுற்று மூன்றாம் மாதத்தில்தான் தொடங்குகிறது. மார்பில் அழுகை கூடுவதும் வீட்டில் சந்தேகம் வேர்விடுவதும் இந்த இடைவெளியில்தான். அப்போது அந்தத் தாயை நாம் சந்திப்பது ஊசி போடும் புதன்கிழமைகளில் மட்டுமே. இந்த இடைவெளியை அட்டவணையிலேயே அடைக்க வேண்டும் என்பது இந்த இதழின் கருத்து. அது நடக்கும் வரை புதன்கிழமைதான் நமக்கு இருக்கும் வழி.

ஆகவே, வாசிக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நிலையத்தின் ஒரு மூலையில் ஒரு நாற்காலி போடுங்கள், ஒரு சேலையைத் திரையாகக் கட்டுங்கள். “பால் பத்தல” என்று சொல்லும் தாயை அங்கே உட்காரவைத்து, குழந்தை வாய் வைப்பதிலிருந்து தானாக விடும் வரை பாருங்கள். ஊசியையும் அப்போதே போடலாம். பால் குடித்துக்கொண்டிருக்கும்போது போட்டால் வலி குறைகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே பரிந்துரைத்திருக்கிறது. பார்த்து முடித்த பிறகு அட்டையில் எழுதுங்கள்.