ஆடிப் படிக்கிற இலக்கணம்: யார் கையை யார் பிடிக்கிறது?

பரீட்சை நெருங்கிவிட்டால் நம்ம காலனிகளில் நடக்கிற மாலை வகுப்புகளில் ஒரே ராகம்தான் கேட்கும். சொல்லிக்கொடுக்கிற கல்லூரி மாணவர் முதல் அடியைச் சொல்வார், பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்லும். 'முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை, இரண்டாம் வேற்றுமைக்கு உருபு ஐ.' பத்து நாள் இப்படி ஓட்டினால் பரீட்சையில் ரெண்டு மார்க் வரும். பரீட்சை முடிந்த மறுநாள் மண்டையில் ஒன்றும் மிஞ்சாது. இதற்குப் பேர் திருப்புதல். எதைத் திருப்புகிறோம்? பள்ளிக்கூடத்தில் நமக்கு எது நடந்ததோ அதையே நாமும் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

இலக்கணத்தையும் இலக்கியத்தையும் ஆடித் திருப்பலாம், ஓடித் திருப்பலாம். தோழர்கள் சிலர் இதைக் கேட்டதும் சிரிக்கிறார்கள். 'விளையாட்டெல்லாம் காசு உள்ளவன் பிள்ளைக்கு, நம்ம பிள்ளைக்கு மார்க்குதான் முக்கியம்' என்கிறார்கள். சின்ன வகுப்புகளில் அரசே இதை ஏற்றுக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007இல் தமிழகம் முழுக்க வந்தது. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளைக் கையில் எடுத்துப் படித்தார்கள். 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. எல்லாம் தொடக்கப்பள்ளியோடு சரி. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பிள்ளை திரும்பவும் பெஞ்சில் ஆணி அடித்ததுபோல உட்காருகிறது. இலக்கணம் கனக்கத் தொடங்குவதும் அங்கேதான், நம்ம பிள்ளைகள் நின்றுபோகத் தொடங்குவதும் அங்கேதான்.

ஆனால் நான் சொல்ல வருவது மார்க்கைப் பற்றி மட்டும் இல்லை. வகுப்பறையில் பிள்ளையை எழுந்து நடக்க வைப்பது, சாதி அடைத்து வைத்திருக்கிற உடம்பை நடக்க வைப்பது.

அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். சதாராவில் அவர் உட்காரத் தனியாக ஒரு சாக்குத் துண்டு. பள்ளியைக் கூட்டுகிற ஆள்கூட அதைத் தொடமாட்டான் என்பதால் தினமும் வீட்டுக்குத் தூக்கிப்போய்த் தினமும் கொண்டுவர வேண்டும். பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் ஒருநாள் கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார் ஆசிரியர். சாதி இந்துப் பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள். கரும்பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டுப் பாத்திரங்கள் இருந்தன. அவற்றை அள்ளி எடுத்த பிறகுதான் அவர் பலகையை நெருங்க முடிந்தது. சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டவருக்கு அது மறுக்கப்பட்டதால் பாரசீகம் படித்தார். மொழியும் அதன் இலக்கணமும் யாருக்கு, பலகைவரை நடக்கிற உரிமை யாருக்கு என்கிற இரண்டு கேள்வியும் ஒரே பள்ளியில், ஒரே பிள்ளைக்கு நேர்ந்தன. 'ஓடிப்போய்ப் பலகையில் எழுது' என்கிற சாதாரண விளையாட்டு நமக்குச் சாதாரணமாக இல்லாமல் போவது இதனால்தான்.

அது அந்தக் காலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் பொட்டும் கூடாது, மாணவர்களை அகரவரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் பரிந்துரைகள். அகரவரிசை நல்ல யோசனை. அ, ஆ, இ, ஈ எவனுக்கும் சொந்தக்காரன் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்காரவைத்தால் போதுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டு நாள் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியும். சேர்ந்து ஒரு வேலை செய்யும்போதுதான் முகம் திரும்பும், பேச்சு வரும்.

புணர்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை நிலைமொழி, இன்னொரு பிள்ளை வருமொழி. 'பள்ளி' அட்டையைக் கழுத்தில் மாட்டியவள் ஒரு பக்கம், 'கூடம்' அட்டைக்காரன் மறுபக்கம். இரண்டு பேரும் வந்து கைகோக்க வேண்டும். நடுவில் 'க்' ஓடிவந்து இருவர் கையையும் பிடித்தால் பள்ளிக்கூடம். இது தோன்றல். 'மரம்' என்று நிற்கிற மூன்று பிள்ளைகளில் 'ம்' விலகிப்போனால்தான் 'வேர்' வந்து சேரும், மரவேர். இது கெடுதல். 'பொன்'னில் நிற்கிற 'ன்' தன் அட்டையைப் புரட்டி 'ற்' என்று காட்டினால் பொற்குடம். இது திரிதல். ஒருமுறை தானே 'ற்'ஆக நின்ற பிள்ளைக்கு அது மறக்காது. இன்னொன்றும் நடக்கும். கையைப் பிடிக்காமல் சட்டை நுனியைப் பிடிக்கிற பிள்ளை எது, யார் பக்கத்தில் வந்ததும் 'க்' தயங்குகிறது என்பதெல்லாம் ஐந்து நிமிசத்தில் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். வருடம் முழுக்க உட்கார்ந்திருக்கிற வகுப்பில் மறைந்துகிடப்பது ஆட்டத்தில் வெளியே வரும். அப்போது அவர் என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது எல்லாம். பார்க்காததுபோல ஆட்டத்தை நிறுத்திவிட்டு 'சரி, நோட்டை எடுங்க' என்று சொன்னாரானால், சாதி அன்றைக்கு ஒரு பாடம் நடத்தி முடித்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து திணை, பால். அட்டைகளில் தாத்தா, கலெக்டர், தெருக்கூட்டும் அக்கா, பண்ணையார், மாடு, வண்டி என்று எழுதுங்கள். இன்னொரு கட்டு அட்டையில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. எழுவாய் தன் பயனிலையைத் தேடி ஓடிப் பிடிக்க வேண்டும். கலெக்டர் 'வந்தார்' அட்டையைப் பிடித்துக்கொள்வார். தெருக்கூட்டும் அக்கா எதைப் பிடிக்கிறாள்? தாத்தா என்றதும் பிள்ளைகள் மனசில் எந்தத் தெருத் தாத்தா வருகிறார்? பத்து வயசுப் பொடியன் அறுபது வயசு மனுசனை 'என்னடா, வாடா' என்று கூப்பிடுகிற ஊர்கள் இன்னும் இருக்கிற நாட்டில் ஒருமை பன்மை வெறும் இலக்கணக் குறிப்பா?

வழுவமைதிப் பாடத்தையும் இதோடு சேர்த்து வாசியுங்கள். உவப்பு, உயர்வு, சிறப்பு, கோபம், இழிப்பு என்கிற ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் குற்றமில்லை என்கிறது நன்னூல். இழிப்பினால் ஒரு மனுசனை அஃறிணையாகச் சொன்னாலும் இலக்கணம் அமைதி சொல்லிவிடும். மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைக்கு இது ஐந்தில் ஒன்று. ஆட்டத்தில் 'வந்தது' அட்டை ஒரு மனுசன் கையில் போய்ச் சேரும்போது, 'இது யாரு குடுத்த அமைதி?' என்று கேட்க அதற்கு வாய் வரும். அந்தக் கேள்விக்கு இடம் தருகிற வகுப்புதான் நமக்கு வேண்டும்.

இலக்கியத்துக்கு வருவோம். அறையின் நான்கு மூலையும் நடுவும் ஐந்து திணை. 'வைகறை' என்று கூப்பிட்டால் மருதத்துக்கு ஓட வேண்டும், 'கார்காலம்' என்றால் முல்லைக்கு, 'நண்பகல்' என்றால் பாலைக்கு. முதற்பொருள் முடிந்ததும் கருப்பொருளுக்கு வாருங்கள். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி. எந்தத் திணைக்கு ஓடினாலும் அங்கே ஒரு பறை இருக்கிறது. பறை இல்லாத தமிழ் நிலம் ஒன்றுகூட இல்லை! புறநானூற்றின் 335ஆம் பாட்டு குடி என்று எண்ணிச் சொல்கிற நான்கில் பறையனும் ஒருவன். இதைப் பாடமாகப் படித்து மார்க் வாங்குகிற அதே வகுப்பில், அந்தச் சொல் காதில் விழுந்ததும் பின்பெஞ்சில் ஒரு கேலிச் சிரிப்பு எழும், ஒரு பிள்ளை தலையைக் குனியும். ஐந்து மூலையிலும் ஓடி ஐந்து பறையையும் எடுத்து அடித்துக் காட்டிய பிள்ளை அப்படிக் குனியாது. சிரிக்கிறவனுக்கும் காரணம் குறைந்துபோகும், அவனும் அடித்தவன்தானே.

கண்ணகி வழக்கை மன்றம் கூட்டி நடத்துங்கள். ஒருவர் பாண்டியன், ஒருவர் பொற்கொல்லன், ஒருவர் கோவலனை வெட்டிய காவலன். மதுரையை எரிக்கும்போது பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடச் சொல்கிறாள் கண்ணகி. அப்ப மிச்சம் யாரு எரிஞ்சது என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்காமல் இருக்காது. அடுத்த வாரம் நந்தன் வழக்கு. பெரியபுராணத்தில் தில்லையில் தீயில் இறங்கிப் பூணூலோடு முனிவராக எழுகிற நந்தனைப் பற்றி விசாரணை. சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் யார் யார்? பத்துவரிக் குறிப்பு எழுதச் சொன்னால் கைடைப் பார்த்து எழுதுவார்கள். சாட்சி சொல்லச் சொன்னால் பாட்டைப் படித்துவிட்டுத்தான் வரவேண்டியிருக்கும்.

இன்னொரு பக்கத்திலிருந்து வருகிற எதிர்ப்பும் இருக்கிறது. 'இலக்கணம் என்பதே மேல்சாதி அதிகாரம், நம்ம பேச்சைக் கொச்சை என்று தள்ளிய கத்தி. அதை எதுக்குத் தூக்கிச் சுமக்கணும், விளையாட்டாய்ச் சுமந்தாலும் சுமைதானே?' என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. முதல் மாணாக்கர், இடை மாணாக்கர், கடை மாணாக்கர் என்று பிள்ளைகளையே படிவைத்துப் பிரித்து, கடைசிப் படிக்கு ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் உவமை சொன்னதும் அதே நன்னூல்தான். ஆனால் நம்ம தெருவில் 'அங்கிட்டு, இங்கிட்டு, எங்கிட்டு' என்று பேசுகிற பாட்டி சுட்டெழுத்தையும் வினாவெழுத்தையும் பிசகாமல் வைத்திருக்கிறாள். அவள் வாயில் இருப்பதும் இலக்கணம்தான். ஒருவர் ஊர்ப்பேச்சில் ஒரு வாக்கியம் எறிய, எதிர் அணி அதை எழுத்து வழக்கில் திருப்பி எறிகிற ஆட்டம் ஆடினால், கொச்சை என்று ஒன்று இல்லை, இரண்டு வழக்கு இருக்கிறது என்று பிள்ளைக்குப் புரியும். விண்ணப்பம் எழுத ஒன்று வேண்டும், சண்டை போட ஒன்று வேண்டும். இரண்டும் கையில் இருக்கட்டும்.

அதுவும் போக, பவணந்தி ஒரு கணக்கும் சொல்லிவைத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு ஒழுங்காகக் கேட்டாலும் கிடைப்பது கால்பங்குதான். கூடப் படிக்கிறவர்களோடு பழகுவதால் ஒரு கால். மீதி அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. கூடப் படிக்கிறவனோடு பழகவிடாமல் சாதி தடுத்தது. எடுத்துச் சொல்கிற இடத்தில் நம்மை யாரும் நிறுத்தவில்லை. அப்படியானால் முக்கால் பங்கு கல்வியைப் பிடுங்கிக்கொண்டு, 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று சொன்னவர்கள் யார்?

விளையாட்டு என்றால் தானாகவே சமத்துவம் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஊரில் சடுகுடு ஆடும்போதே யார் அணி, யாரை யார் மடக்குவது என்று சாதி புகுந்துகொள்கிறது. அதனால் சில விதிகளைக் கறாராக வைக்க வேண்டும். அணி பிரிப்பது சீட்டுக் குலுக்கித்தான், தலைவன் இஷ்டத்துக்கு ஆள் எடுக்கக் கூடாது. தலைவர் பொறுப்பு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற வேண்டும், பெண்பிள்ளைகளும் கட்டாயம் வர வேண்டும். தப்பாகச் சொன்ன பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது, ஏனென்றால் தெரியாத பிள்ளைதான் அதிக நேரம் ஆட வேண்டியது. தப்பைக் கேலிசெய்தால் அந்த அணிக்கு மார்க் போகும். ஆடி முடித்தால் தாகம் எடுக்கும், எல்லோருக்கும் ஒரே குடம், ஒரே தம்ளர். இதில் கடைசி விதி இலக்கணத்தில் சேராது என்று யாராவது சொன்னால், ப்யூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று தாகத்தோடு உட்கார்ந்திருந்த சதாரா மாணவனை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

செலவு ஒன்றும் இல்லை. பழைய காலண்டர் அட்டை, ஒரு சாக்பீஸ், கொஞ்சம் தரை. நம்ம பிள்ளைகளுக்குப் பாண்டி ஆடத் தெரியும். எட்டுக் கட்டம் போட்டால் எட்டு வேற்றுமை. ஒரு கட்டத்துக்கு ஒரு தாவல், ஒரு தாவலுக்கு ஒரு வாக்கியம், உருபு தப்பினால் கோட்டை மிதித்த மாதிரி. இராமனும் பழமும் வேண்டாம். நிலம் என்ற சொல்லை எடுங்கள். 1892இல் ஆங்கில அரசு நமக்கென்று ஒதுக்கி, பின்னால் கைமாறிப்போன பஞ்சமி நிலம். 1994இல் காரணையில் அதைக் கேட்டுப் போராடியதில் இரண்டு பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். நிலத்தை, நிலத்தால், நிலத்துக்கு என்று தாவி வருகிற பிள்ளை ஆறாம் கட்டத்தில் நிற்கும். அது கிழமைப் பொருள், உடைமையின் கட்டம். 'பாட்டியினது நிலம்' என்று சொல்லிப்பார்த்துவிட்டு, 'எங்க பாட்டிக்கு ஏது சார் நிலம்?' என்று ஒற்றைக்காலில் நின்றபடியே அது கேட்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கிற தோழர்கள் இன்றைக்குச் சாயங்காலமே கட்டம் போடலாம்.