விசாவுக்கு ஒரு சாமியா?

கடல் தாண்டினால் ஜாதி போய்விடும் என்று சொல்லி வந்த வைதிகம், இன்று கடல் தாண்டுவதற்கென்றே ஒரு சாமியை உண்டாக்கிக் கொடுத்துவிட்டது. அய்தராபாத்துக்குப் பக்கத்தில் சில்கூர் என்னும் ஊரிலுள்ள பாலாஜிக்கு "விசா பாலாஜி" என்றே பெயர் வழங்குகின்றது. மேல்படிப்புக்கு வெளிநாடு போக விரும்பும் வாலிபர்கள் முதலில் 11 சுற்றுச் சுற்றி வேண்டிக்கொள்ள வேண்டுமாம். காரியம் கைகூடிய பின் 108 சுற்றுச் சுற்ற வேண்டுமாம். சென்னைக்கும் குறைவில்லை, இங்கு ஒரு விசா கணபதி இருக்கின்றார்.

இந்தச் சாமிகளின் யோக்கியதையைச் சற்று யோசித்துப் பார்ப்போம். பௌதாயன தர்மசூத்திரம் கடல் யாத்திரையை ஜாதியை இழக்கச் செய்யும் குற்றங்களில் ஒன்றாக எழுதி வைத்திருக்கின்றது. 1888இல் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்குச் சீமைக்குப் புறப்பட்டபோது, பம்பாயிலிருந்த அவரது ஜாதியார் கூட்டம் போட்டு அவரைத் தள்ளிவைத்தார்கள். 1891இல் திரும்பி வந்தவரை நாசிக் நதியில் முழுக வைத்துத்தான் ஜாதியாரில் ஒரு பகுதியார் சேர்த்துக்கொண்டார்கள். அன்று பாவமாயிருந்தது இன்று வரமானது எப்படி? சாஸ்திரம் மாறிவிட்டதா? கடல்நீர் கரும்புச் சாறாகிவிட்டதா? ஒன்றுமில்லை. சீமைச் சம்பளத்தின் ருசி தெரிந்துவிட்டது. அவ்வளவே.

நிற்க, விசா என்பது எப்படிக் கிடைக்கின்றது? அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, மாணவனாக மனுச் செய்கின்றவனையும் குடியேற வருகின்றவன் என்றே முதலில் எண்ணிக்கொள்ளச் சொல்கின்றது. அப்படியல்ல என்று ருஜுப்படுத்த வேண்டிய பாரம் மனுதாரர் தலையில்தான். ஜெர்மனியில் ஓராண்டுச் செலவுக்காக மாணவன் முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டிய பணத்தை 2024 செப்டம்பரில் 11,904 யூரோவாக உயர்த்தினார்கள். இங்கிலாந்திலோ, காட்ட வேண்டிய பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்திருக்க வேண்டும் என்பது விதி. இந்த 28அய் 27 ஆக்கித்தர எந்தப் பிள்ளையாராலாவது ஆகுமா என்று கேட்கின்றோம்.

ஆகவே வேண்டியது பஞ்சாங்கமல்ல, காலண்டர். செப்டம்பரில் வகுப்பு என்றால் ஓராண்டுக்கு மேலாகவே முன்னதாகக் கணக்குப் போட வேண்டும். ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும். ஆசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்க வேண்டும். செலவுக்கு வழி தேட வேண்டும். இங்கிலாந்து அரசாங்கத்தின் செவனிங் உபகாரச் சம்பளத்துக்கு மனு வாங்குவது முந்திய ஆண்டு கடைசியிலேயே முடிந்துவிடுவது வழக்கம். நம் பெற்றோர்களோ, "ஆடி கழியட்டும், குருபலம் வரட்டும்" என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுகின்றார்கள். பிறகு வீட்டை அடகுவைத்துத் தரகனிடம் பணத்தைக் கொட்டுகின்றார்கள். குரு பெயர்ந்தாலும் பெயராவிட்டாலும் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டேதானே இருக்கும்?

அடகுவைக்க வீடே இல்லாதவன் கதி என்ன? அவனுக்கு எந்தச் சாமியாவது காசு கொடுத்ததுண்டா? கோவிலுக்குள்ளேயே நுழையக்கூடாது என்று விலக்கப்பட்ட ஜாதியில் பிறந்த அம்பேத்கரை 1913இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது பரோடா மன்னர் கொடுத்த உபகாரச் சம்பளமேயாகும். அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916இல் அவர் இந்திய ஜாதிகளின் தோற்றத்தைப் பற்றிக் கட்டுரை படித்தார். தாழ்த்தப்பட்டோர் முதலியோர் வெளிநாட்டில் படிப்பதற்காக மத்திய அரசாங்கம் நாடு முழுமைக்கும் ஒதுக்கியதோ ஆண்டுக்கு 125 இடம். அதிலும் 2022இல் ஒரு விதி செய்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமுதாயம் பற்றிய படிப்புக்கு இந்த உதவி கிடையாது என்று. அதாவது, அம்பேத்கரே வந்து மனுப்போட்டு, ஜாதியைப் பற்றி ஆராயப் போகின்றேன் என்றால், உதவி இல்லை என்பார்கள்! ஜாதியை உண்டாக்கியவர்களைவிட, அதை ஆராய்கின்றவன்தானா ஆபத்தானவன்?

ஆதலால் வாலிபர்களே! கோவிலைச் சுற்றுகின்ற நேரத்தில் விதிகளைப் படியுங்கள். உண்டியலில் போடும் காசைப் பரீட்சைக் கட்டணத்துக்கு வையுங்கள். பெற்றோர்களே! ஜோசியனிடம் மகள் ஜாதகத்தை நீட்டுமுன் அவள் ஆசிரியரிடம் யோசனை கேளுங்கள். எல்லோருமாகச் சேர்ந்து, 125 என்ன கணக்கு என்றும், அந்த விதி யாருக்காக என்றும் சர்க்காரைக் கேளுங்கள். கேட்டால் சர்க்கார் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.