கொசுறு இலைக்கு வந்த கிராக்கி! குழித்துறை வீடுகளில் மல்லி வளருமா?

காய்கறி வாங்கினால் ஒரு கைப்பிடி மல்லி இலையும் இரண்டு இணுக்கு கறிவேப்பிலையும் சும்மா கிடைத்த காலம் உண்டு. அதற்குக் "கொசுறு" என்று பெயர். கடைக்காரர் மறந்துவிட்டால் பெண்கள் கேட்டு வாங்குவார்கள். இலை பையில் விழாமல் கடையை விட்டு நகர மாட்டார்கள்.

இப்போது அந்த இலைக்கும் தனி விலை. வெயில் நாளில் மலிவாகக் கிடைக்கும் கட்டு, நாலு நாள் அடைமழை பெய்தால் பல மடங்கு விலை ஏறிவிடுகிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது நாடே அதைப் பற்றிப் பேசியது. மல்லி இலை விலை ஏறினால் யாரும் பேசுவதில்லை. ரசத்தில் இலை குறையும்; அவ்வளவுதான்!

ஆனால் குழித்துறை, மார்த்தாண்டம் பகுதியில் மல்லி இலைக்கு விலையைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இலை எங்கிருந்து வருகிறது? அதில் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது?

வெளியூர் இலை

விளவங்கோடு வட்டாரம் ரப்பர், வாழை, மரச்சீனி, தென்னை விளையும் பூமி. இங்கே வருஷத்துக்கு இரண்டு மழை. மல்லிக்கு இவ்வளவு மழை ஆகாது. மல்லி விதை கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் மானாவாரியாக விளைகிறது. கோவை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மல்லியைத் தழைக்காகவே பயிர் செய்கிறார்கள்.

குமரி மாவட்டத்துப் பழைய சமையலிலும் இலையைவிட விதைக்குத்தான் மதிப்பு. தீயல் வைக்க மல்லியைத் தேங்காயோடு வறுத்து அரைப்பார்கள். வாசத்துக்குக் கறிவேப்பிலை தாளிப்பார்கள். இன்றோ பிரியாணிக்கும் சட்னிக்கும் கட்டுக் கட்டாக இலை வேண்டியிருக்கிறது. உள்ளூரில் அது விளையாததால் லாரியை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

வெள்ளாயணியில் சோதனை

நாகர்கோவிலில் இருந்து கேரளத்துக்குப் போகும் காய்கறி லாரிகள் மார்த்தாண்டம் வழியாகத்தான் களியக்காவிளை எல்லைக்குப் போகின்றன. எல்லையைத் தாண்டினால் திருவனந்தபுரம் அருகே வெள்ளாயணி. அங்கே கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 2013 முதல் கடைகளில் காய்கறிகளை வாங்கி, அவற்றில் பூச்சி மருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அங்கே சோதித்து, முடிவுகளை வெளியிட்டார்கள். மருந்து தங்கிய பொருள்களின் பட்டியலில் மல்லி இலை, புதினா, கறிவேப்பிலை ஆகியவற்றின் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன.

2015-ல் இது இரண்டு மாநிலங்களுக்கு இடையே தகராறாகவே மூண்டது. தமிழ்நாட்டுக் காய்கறிகளில் மருந்து அதிகம் என்றது கேரளம். வியாபாரிகள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் வற்புறுத்தியது. தமிழ்நாட்டு அதிகாரிகள் குற்றச்சாட்டை மறுத்தார்கள்.

எல்லாக் கட்டிலும் விஷம் என்று இதற்குப் பொருள் அல்ல. ஆனால் மல்லி இலையில் மருந்து தங்குவதற்குக் காரணம் இருக்கிறது. இது 30 முதல் 40 நாளில் அறுவடையாகும் பயிர். அசுவினிப் பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் மருந்து அடித்தால், அதன் வீரியம் குறைவதற்குள் இலை சந்தைக்கு வந்துவிடலாம். கத்தரிக்காயைப் போல இதை வேக வைத்துத் தின்பதும் இல்லை. பச்சையாகச் சட்னி அரைக்கிறோம். இறக்கிய குழம்பில் கிள்ளிப் போடுகிறோம்.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. இலையில் ஒரு புள்ளி இருந்தால் கட்டைத் தள்ளி வைக்கிறோமே! பளபளப்பான இலையைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். அந்தப் பளபளப்புக்கு அவர் மருந்து அடிக்கிறார். கடை இலையை வாங்கினால் புளி கரைத்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் பல முறை அலச வேண்டும். மேலே ஒட்டிய மருந்து ஓரளவு போகும், முழுவதும் போகாது. அதனால்தான் வீட்டிலேயே வளர்க்கும் ஆசை பலருக்கு வந்திருக்கிறது.

ஏன் முளைப்பதில்லை?

மளிகைக் கடை மல்லியை ஒரு பிடி அள்ளித் தொட்டியில் போடுகிறார்கள். நாலு நாள் பார்க்கிறார்கள். முளைக்கவில்லை என்றதும் மண்ணைக் கிளறுகிறார்கள். அதோடு காரியம் கெட்டது!

மல்லி விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய். அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. சப்பாத்திக் கட்டையால் மெதுவாகத் தேய்த்து, உருண்டையை இரண்டாகப் பிளக்க வேண்டும். மாவாக்கிவிடக் கூடாது. பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைக்க வேண்டும். முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். பொறுமைதான் வேண்டும்.

விதைக் கடையில் வாங்கும் விதையில் சில சமயம் மருந்து கலந்திருப்பார்கள். அதில் மிச்சத்தை மறந்தும் அடுக்களை டப்பாவில் போடக் கூடாது.

இந்தச் செடிக்கு ஆணிவேர். பிடுங்கி வேறிடத்தில் நட்டால் வாடிப்போகும். விதைத்த இடத்திலேயே வளர விட வேண்டும். தொட்டி அரை அடி ஆழமாவது இருக்க வேண்டும். அடியில் ஓட்டை அவசியம். பழைய வாளி போதும். காலை வெயில் நாலு மணி நேரம் பட்டால் நல்லது. கடும் வெயிலில் செடி சீக்கிரம் பூத்து, இலை கொடுப்பதை நிறுத்திவிடும்.

ஒரு தொட்டியை நம்பினால் ஏமாற்றம்தான். சிறு தொட்டியில் ஒரு கட்டு இலை கிடைத்தாலே நல்ல விளைச்சல். ஆகையால் இரண்டு வாரத்துக்கு ஒரு தொட்டி வீதம் விதைத்துக்கொண்டே வர வேண்டும். ஒன்று தீரும்போது அடுத்தது தயாராகும். செலவுக் கணக்கு பார்த்தால் இதில் பெரிய மிச்சம் ஒன்றும் இல்லை. குழந்தைக்குக் கொடுக்கும் சட்னியில் என்ன இருக்கிறது என்பது தாய்க்குத் தெரியும். லாபம் என்றால் அதுதான்.

மழைக் காலத்துக்கு வேறு செடி

இவ்வளவு செய்தாலும் குழித்துறையில் மல்லிக்கு ஏற்ற காலம் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரைதான். ஜூனில் பிடிக்கும் தென்மேற்கு மழையிலும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தண்டு அழுகிவிடும். கடையில் விலை ஏறுவதும் அதே மாதங்களில்தான். வீட்டுத் தொட்டி கைவிடும் நேரத்தில் சந்தையும் கைவிடுகிறது!

அந்த மாதங்களுக்கு ஏற்ற செடி ஒன்று உண்டு. கேரளத்து வீடுகளில் அதற்கு "ஆப்பிரிக்க மல்லி" என்று பெயர். உண்மையில் ஆப்பிரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதன் தாய்நாடு அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. மேற்கிந்தியத் தீவான டிரினிடாடிலும், வியட்நாமிலும், நம் நாட்டில் மணிப்பூரிலும் இதைச் சமையலுக்குப் பயன்படுத்துகிறார்கள்.

இலை நீளமாக, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருக்கும். மணம் மல்லி இலை போலவே. ஆனால் காரம் அதிகம். ஒரு கட்டு போடும் இடத்தில் மூன்று நாலு இலை போதும். கொதித்தாலும் வாசம் போகாது. முக்கியமாக, இது நிழலையும் ஈரத்தையும் விரும்பும் செடி. தென்னை மர நிழலில், கிணற்றடியில் நன்றாக வளரும். நடுவில் பூத்தண்டு கிளம்பினால் கிள்ளி எறிய வேண்டும். இல்லாவிட்டால் இலை சிறுத்துவிடும். பூக்கொத்தில் முள் உண்டு. குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விதை மிகப் பொடி என்பதால், நாற்றாக வாங்கி நடுவது எளிது. ஆடி அமாவாசையை ஒட்டி, தாமிரபரணிக் கரையில் முன்னோருக்குப் பலி கொடுக்கும் நாளில் குழித்துறையில் வாவுபலிப் பொருட்காட்சி கூடுகிறது. கூட்டத்தோடு கூட்டமாகச் செடி, கன்று வாங்கிப் போவது இந்த ஊர்க்காரர்களின் நெடுநாள் வழக்கம். பலாக் கன்றும் மாங்கன்றும் விலை பேசுபவர்கள், இந்தச் செடி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். ஆடியில் நட்டு வேர் பிடித்தால், ஐப்பசி மழையில் கடைக் கட்டு விலை ஏறும்போது கிணற்றடியில் பறிப்பதற்கு இலை இருக்கும்.