எஃப்.சி.யும் ஏழையின் உயிரும்

ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச் சாலையில் இருக்கிறது நடுவட்டம். அங்கிருந்து கூடலூர் போய்ச் சேருவதற்குள் சாலை 800 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளும் ஜீப்பிலும் வேனிலும் போய் வருவது இந்த இறக்கத்தில்தான். ஒரு முறை பிரேக் பிடிக்கவில்லை என்றால் கீழே பள்ளத்தாக்கு! எனவே வண்டியைச் சோதித்து எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வழங்குவது அவசியம். இதில் நமக்கு இரண்டு அபிப்பிராயம் இல்லை.

நமது கேள்வி வேறு. அந்தச் சோதனையின் சுமை யார் தலையில் விழுகிறது?

வாடகை வண்டியும் சரக்கு வண்டியும் முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. பெறவேண்டும் என்பது விதி. கடன் வாங்கி ஒற்றை வண்டி ஓட்டிப் பிழைக்கும் டிரைவரின் நிலையைப் பாருங்கள். பிரேக் லைனிங் மாற்ற ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறார். கழற்றிப் பார்த்தால் டிரம் தேய்ந்திருக்கிறது. வீல் சிலிண்டர் ஒழுகுகிறது. மலை மழையில் அடித்தகடு துருப்பிடித்துக் கிடக்கிறது. நினைத்த செலவு ஒன்று, வந்து நிற்கும் செலவு வேறு. வண்டி நிற்கும் நாளெல்லாம் வருமானம் இல்லை. பைனான்ஸ் தவணையோ நிற்பதில்லை.

இந்த வேளையில் சர்க்கார் என்ன செய்தது? 15 ஆண்டு கடந்த ஆட்டோவுக்கு எஃப்.சி. கட்டணம் 3,500 ரூபாய், லாரிக்கும் பஸ்ஸுக்கும் 12,500 ரூபாய் என்று 2021 அக்டோபரில் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் என்றது. 20 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்ற வண்டிக்கு 1,000 ரூபாய் தண்டம்! 2025 நவம்பரில் மீண்டும் ஏற்றி, 20 ஆண்டு கடந்த லாரிக்கு 25,000 ரூபாய் என்றது.

கட்டணம் ஏறினால் பிரேக் பிடிக்குமா? பழுது பார்க்க வைத்திருந்த பணம்தான் கட்டணமாகப் போகிறது. பிறகு சோதனை நாளுக்கு மட்டும் இரவல் டயர் மாட்டும் வழக்கம் வராமல் என்ன செய்யும்?

சான்றுக் காகிதம் மட்டும் உயிரைக் காக்காது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் அடித்தட்டில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி மாண்டாள். எஃப்.சி. பெற்ற வண்டிதான் அது! அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன.

இப்போது சோதனையையே தானியங்கி நிலையங்களுக்கு மாற்றுகிறார்கள். அவற்றைத் தனியார் நடத்தவும் 2021 விதிகள் கதவு திறந்துவிட்டன. இயந்திரம் வருவதை நாம் எதிர்க்கவில்லை. மக்களின் உயிர்ப் பாதுகாப்பு முதலாளியின் லாபச் சரக்காவதை எதிர்க்கிறோம்.

நாம் கோருவது இது:

சோதனை சர்க்கார் கையிலேயே இருக்க வேண்டும். போதிய ஆய்வாளர்களை நியமிக்க வேண்டும்.

ஒற்றை வண்டி டிரைவர்களுக்குக் கட்டண உயர்வையும், பழுது பார்க்கும் நாட்களுக்கான தண்டத்தையும் ரத்துச் செய்ய வேண்டும். பழுதுச் செலவுக்குக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக் கடன் தர வேண்டும்.

தொழிலாளரை ஏற்றும் தோட்ட, மில் வண்டிகளின் பழுதுச் செலவை நிர்வாகமே ஏற்க வேண்டும், எஃப்.சி.யைச் சங்கம் பார்வையிட உரிமை வேண்டும்.

மில் தொழிலாளி ஷிப்ட் வேனில் போகிறார். விவசாயக் கூலிப் பெண்கள் சரக்கு வண்டியில் நின்றுகொண்டு போகிறார்கள். ஓட்டுபவரும் உழைப்பாளி, ஏறுபவரும் உழைப்பாளி. இருவரையும் மோதவிட இடம் கொடாமல், ஒன்றுபட்டு இக்கோரிக்கைகளை எழுப்புவோம்!