லத்திக்கும் ஏ.கே.47-க்கும் நடுவே

தீவிரவாதிகளைச் சமாளிக்க நவீனப் பயிற்சி என்றதுமே எல்லோருக்கும் கறுப்பு உடை கமாண்டோக்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். சினிமா செய்த வேலை அது! ஆனால் முதல் தோட்டா வெடிக்கும் நேரத்தில் கமாண்டோ அங்கே இருப்பதில்லை. இருப்பவர் பக்கத்து ஸ்டேஷன் கான்ஸ்டபிள்தான்.

2008 நவம்பர் 26 இரவு மும்பையில் அதுதான் நடந்தது. வந்தவர்கள் பத்துப் பேர், பலியான உயிர்கள் 166. தேசியப் பாதுகாப்புப் படை அரியானாவின் மானேசரிலிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது விடிந்துவிட்டது. முதல் சில மணி நேரம் தாக்குப்பிடித்தவர்களில் பலர், பழைய .303 துப்பாக்கியோ வெறும் லத்தியோ வைத்திருந்த உள்ளூர்ப் போலீசார். கிர்காவ் சௌபாத்தியில் உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே, கசாப்பின் துப்பாக்கிக் குழலைக் கையாலேயே பிடித்துக்கொண்டார். குண்டுகள் பாய்ந்தும் பிடியை விடவில்லை. கசாப் உயிரோடு சிக்கியது அதனால்தான். 2009-ல் அவருக்கு அசோக சக்ரா கிடைத்தது. சரி, அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி?

அதன்பின் சென்னை உட்பட நான்கு நகரங்களில் தேசியப் பாதுகாப்புப் படையின் மையங்கள் வந்தன. மகாராஷ்டிராவில் ஃபோர்ஸ் ஒன் உருவானது. நல்லதுதான். ஆனாலும் இவர்கள் இரண்டாவதாக வருபவர்கள்.

மைதானத்தில் படுத்துக்கொண்டு அசையாத பலகையைச் சுடுவது வேறு. புகை மண்டிய வராந்தாவில், கதவைத் திறந்த ஒரே விநாடியில், எதிரே நிற்பவர் கையில் இருப்பது துப்பாக்கியா செல்போனா என்று முடிவெடுப்பது வேறு. இதற்கு, சுவர்களை நகர்த்தி மாற்றக்கூடிய பயிற்சி வீடும், பட்ட இடத்தில் சாயம் மட்டும் விடும் தோட்டாவும் தேவை. இது புது யோசனையே இல்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஷாங்காய் நகரப் போலீசில் ஃபேர்பேர்ன் என்ற அதிகாரி, திடீர் திடீரென்று இலக்குகள் தோன்றும் இருட்டு வீட்டில் போலீசாரைப் பழக்கினார். பிரிட்டிஷ் கமாண்டோக்கள் அவரிடம் பாடம் படித்தது அதற்குப் பிறகுதான்!

ஆயுதம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்பவர்கள் அமெரிக்காவின் உவால்டியைப் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் அங்கே ஒரு பள்ளிக்குள் துப்பாக்கிக்காரன் நுழைந்தான். நவீனத் துப்பாக்கியும் கவச உடையும் இருந்தும் போலீசார் அவனை வீழ்த்த 77 நிமிடங்கள் ஆயின. இறந்தவர்கள் 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள். காத்திருக்காமல் உள்ளே போக வேண்டும் என்ற பாடத்தை 1999 கொலம்பைன் பள்ளிச் சம்பவத்திலேயே கற்ற நாடு அது. யார் உத்தரவிடுவது, யார் முதலில் நுழைவது என்பதெல்லாம் ஒத்திகையில் பழகியிருந்தால்தான் கால் நகரும்.

எனவே பயிற்சிக் கல்லூரியில் ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும்வரை பந்தோபஸ்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது சரியல்ல. வருடத்தில் சில நாட்களாவது, முக்கிய ரயில் நிலையம், சந்தை, கோயில் உள்ள ஊர்களின் ஸ்டேஷன் போலீசாரை டூட்டியிலிருந்து விடுவித்து இப்படிப்பட்ட வீடுகளில் பழக்க வேண்டும். அந்த நாட்களுக்கு மாற்று ஆள் போடுவதற்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க வேண்டும்.